வாடகை பாக்கி, காலி செய்யாத வீடு: மலையில் புதிதாக வீட்டுக்காரர் ஆனவருக்கு

குன்னூரில் அப்பா கட்டிய வீட்டின் கீழ்ப் போர்ஷனில் ஒன்பது வருடமாக ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. சுற்றுலா வேன் ஓட்டும் அண்ணன், அவர் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். மாதம் 7,000 ரூபாய், அட்வான்ஸ் 20,000. எழுதின பத்திரம் எதுவும் கிடையாது. அப்பாவுக்கும் அவருக்கும் வாய்ப்பேச்சுதான். அப்பா ஒரு ஜூன் மாதம் தவறினார். நான் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறேன், பத்திரத்தைப் பார்த்தாலே கொட்டாவி வரும் ஆள். அப்படியே வீட்டுக்காரன் ஆகிவிட்டேன்.

அக்டோபரில் வாடகை பாதிதான் வந்தது. நவம்பரில் வரவே இல்லை. அடுத்த ஏப்ரல் 30-ஆம் தேதி அவர் சாவியைக் கையில் கொடுக்கும் வரை நான் கற்றுக்கொண்டதையும், தவறாகச் செய்ய இருந்து ஒரு வழக்கறிஞர் தடுத்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வீடு வாங்கியோ, பங்காக வந்தோ, புதிதாக வீட்டுக்காரர் ஆனவர்களுக்குத்தான் இது.

பூட்டில் கை வைக்காதீர்கள்

எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை இதுதான்: "தண்ணிய நிறுத்துங்க, தானா போயிருவான்." எனக்கும் பக்கத்து வீட்டு மாமா இதைத்தான் சொன்னார். குன்னூரில் தண்ணீர் வருவதே நாள் விட்டு நாள், வால்வு என் பக்கம் இருக்கிறது, திருகினால் போதும். ஆசை வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

திருகியிருந்தால் நான்தான் குற்றவாளி. வீட்டுக்காரர் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை மாதம் பாக்கி இருந்தாலும் சரி. வாடகைக்காரர், ஆட்சியர் இதற்கென நியமித்த வாடகை அதிகாரியிடம் ஒரு மனு கொடுத்தால் இணைப்பை உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வரும், கூடவே இழப்பீடும் வரலாம். அவர் ஊருக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துப் பூட்டை மாற்றினால் நிலைமை இன்னும் மோசம். 1963-ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி, சட்ட வழி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டுக்குள் திரும்ப வரலாம். வீடு யாருடையது என்ற கேள்வியே அந்த வழக்கில் எழாது. பத்திரம் உங்கள் பெயரில் இருப்பது அங்கே உதவாது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதும் இதே கதைதான். வாடகை பாக்கி சிவில் விவகாரம். எஸ்.ஐ. நல்லவராக இருந்தால் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசுவார், ஆனால் காலி செய்ய வைக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லும் கட்சிக்காரர், புரோக்கர் பக்கமே போகாதீர்கள்.

வீட்டுக்காரர் யார் என்பதை எழுத்தில் சொல்லுங்கள்

புதிய வீட்டுக்காரர்கள் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். பாக்கி வந்த பிறகு நோட்டீஸ் எழுதக் கிளம்புவார்கள். வாடகைக்காரருக்கோ இவர் யார் என்பதே எழுத்தில் தெரிந்திருக்காது.

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-ஆம் பிரிவைப் பழைய காகிதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டை வாங்கினால் பழைய சொந்தக்காரரின் உரிமைகள் உங்களுக்கு வரும், வாடகைக்காரரும் உங்களுக்குக் கட்டுப்பட்டவர் ஆவார். ஆனால் வீடு கை மாறியது தெரியாமல் அவர் பழைய சொந்தக்காரரிடமே வாடகை கொடுத்திருந்தால், அதை மறுபடி உங்களிடம் கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் வாங்குவதற்கு முந்தைய பாக்கியும் தானாக உங்களுக்குச் சேராது. வேண்டுமென்றால் விற்பவரிடமிருந்து அந்தப் பாக்கியை வசூலிக்கும் உரிமையைத் தனியாக எழுதி வாங்க வேண்டும். கிரயப் பத்திரம் எழுதும்போதே ஒரு பத்தி சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. அட்வான்ஸ் யார் கையில் இருக்கிறது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் வாங்காத 20,000 ரூபாயை நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும்.

என்னைப் போல் வாரிசாக வந்தவர்களுக்கு வேறு முடிச்சு. அப்பா இறந்த பிறகு சேர்ந்த வாடகையை வாரிசுகள் நேராகக் கேட்கலாம். அவர் உயிரோடு இருந்த காலத்துப் பாக்கியைக் கோர்ட் மூலம் வசூலிக்கப் போனால், நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றைக் கேட்பார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கும் வாரிசுச் சான்றிதழ் வேறு, இது வேறு. எனக்குப் பழைய பாக்கி இல்லாததால் தப்பித்தேன். அம்மாவும் தங்கையும் பங்குதாரர்கள் என்பதால், என் பெயரில் வாடகை வாங்கவும் நோட்டீஸ் விடவும் அவர்களுக்குச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டேன். பின்னால் ஒரு வாரிசு "எனக்குத் தெரியாது" என்று வாடகைக்காரர் பக்கம் போய் நின்றால் எல்லாம் கெட்டுவிடும்.

ஆகஸ்டில் நான் அனுப்பிய கடிதம் அரைப் பக்கம்கூட இல்லை. அப்பா இன்ன தேதியில் காலமானார், இனி வாடகையை என் பெயரில் இந்த வங்கிக் கணக்கில் அல்லது ஜிபே எண்ணில் கட்டவும், அப்பாவிடம் நீங்கள் கொடுத்த அட்வான்ஸ் 20,000 என் பொறுப்பில் இருக்கிறது, அவ்வளவுதான். இறப்புச் சான்றிதழ் நகல் ஒன்றை இணைத்தேன். ஆகஸ்ட், செப்டம்பர் வாடகையை அவர் என் கணக்கில் போட்டார், நான் என் பெயரில் ரசீது கொடுத்தேன். அந்த இரண்டு ரசீதுகளின் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை. குடிவைத்தவரின் உரிமையை வாடகைக்காரர் மறுக்க முடியாது என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. ஆனால் இடையில் வந்த புதியவரைப் பார்த்து "நீ யார்" என்று கேட்க ஓரளவு இடம் உண்டு. உங்கள் பெயரில் ஒரு முறை வாடகை கட்டி ரசீது வாங்கிவிட்டால் அந்தக் கதவு பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

கூடலூர், பந்தலூர் பக்கத்துக்காரர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். 1969-ஆம் ஆண்டு கூடலூர் ஜென்ம எஸ்டேட்டுகள் (ஜமீன் போன்ற பழைய பெருநில உரிமைகள்) ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகும் பட்டா தீராத நிலங்கள் அங்கே நிறைய. "செக்‌ஷன் 17 நிலம்" (அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் நிலம்) என்று ஊரே பேசும். அப்படிப்பட்ட இடத்தில் இருக்கும் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால், சொத்துரிமைச் சண்டையாக மாறாமல் வாடகைச் சண்டையாகவே வைத்துக்கொள்ள உங்கள் பெயரிலான ரசீதுகள்தான் கைகொடுக்கும்.

எந்தச் சட்டம்?

குன்னூர் கடைத்தெருவில் இன்னமும் "ரென்ட் கன்ட்ரோல்" என்றுதான் பேசுவார்கள். அந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம், 2017 என்ற நீண்ட பெயருடைய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. கோர்ட்டில் வாடகை மனுவைப் பழைய ஆட்கள் ஆர்.சி.ஓ.பி. என்று சொன்ன இடத்தில் இப்போது ஆர்.எல்.டி.ஓ.பி. என்பார்கள்.

இது நகர்ப்புறப் பகுதிகளுக்கான சட்டம். ஊட்டி, குன்னூர், கூடலூர், கொடைக்கானல் நகராட்சிகளுக்குள் இருக்கும் வீடுகள் இதில் வரும். வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர் போன்ற கிராம ஊராட்சியில் வீடு என்றால் பாதை வேறு: மாத வாடகைக்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவில் 15 நாள் நோட்டீஸ், பிறகு சிவில் கோர்ட்டில் சாதாரண வழக்கு. உங்கள் வீட்டு வரி ரசீதில் யார் முத்திரை இருக்கிறது என்று பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

எஸ்டேட் லைன் வீடுகள் இந்தக் கணக்கிலேயே சேராது. வேலையோடு ஒட்டிக் கொடுத்த குடியிருப்புக்கு இந்த வாடகைச் சட்டம் பொருந்தாது. அரசுக் கட்டடங்கள், கோயில், வக்ஃபு சொத்துகளும் அப்படியே. மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு லீசுக்கோ ஒத்திக்கோ விட்டிருந்தால் மாத வாடகை என்பதே இல்லை, ஆகவே வாடகை பாக்கி என்று கேட்கவும் முடியாது. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தயாராகிவிட்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.

புதிய சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாடகை அதிகாரி என்பவர் ஆட்சியர் நியமிக்கும் துணை ஆட்சியர் நிலை அதிகாரி. "பதினோரு மாச அக்ரிமென்ட் போட்டா பதிய வேண்டாம்" என்ற பழைய பாடம் இங்கே செல்லாது. பதினோரு மாதம் என்பது பதிவுச் சட்டத்துக்காக உண்டான பழக்கம். இந்தப் பதிவு அதிலிருந்து வேறு.

பத்திரமே இல்லாத என் போன்றவர்கள் என்ன செய்வது? நானும் பயந்துதான் போனேன். ஆனால் 21-ஆம் பிரிவில் வீட்டைத் திரும்பப் பெறும் காரணங்களின் வரிசையில் முதலாவதே, எழுத்து ஒப்பந்தம் போடத் தவறியதுதான். இரண்டாவது வாடகை பாக்கி. என் வழக்கறிஞர் இரண்டையும் சேர்த்தே நோட்டீசில் எழுதினார். "ஒரு கால் வழுக்கினா இன்னொரு கால் நிக்கும் தம்பி" என்றார். நோட்டீசுக்கு முன்பே ஒரு முறை ஒப்பந்த நகலை அனுப்பி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். மறுத்தாலும் பதில் வராவிட்டாலும் அதுவும் ஒரு சாட்சி.

கணக்கை ஒரே தாளில்

நான் செய்த முட்டாள்தனம்: அக்டோபரில் 4,000 ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்காமல் வந்தேன். டீயும் வர்க்கியும் கொடுத்தார்கள், ரசீது எழுதக் கூச்சமாக இருந்தது. பின்னால் அதை அவர் "முழுசா குடுத்தேனே" என்றார். பொய் சொன்னார் என்று நினைக்கவில்லை, அவருக்கும் மறந்திருக்கலாம். அன்று மாலை பஸ்ஸில் இறங்கும்போதே "இன்று 4,000 வாங்கினேன், அக்டோபர் பாக்கி 3,000" என்று வாட்ஸ்அப்பில் போட்டு, அவர் ஒரு கட்டைவிரல் போட்டிருந்ததால் பிழைத்தேன்.

ஒரே தாளில் நாலு நெடுவரிசை போதும்: எந்த மாத வாடகை, எவ்வளவு வர வேண்டும், எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, மீதி. என் தாள் பிப்ரவரி தொடக்கத்தில் இப்படி இருந்தது: அக்டோபர் மீதி 3,000, நவம்பர் 7,000, டிசம்பர் 7,000, ஜனவரி 7,000, மொத்தம் 24,000. மின்கட்டணம் வாடகைக்காரர் பொறுப்பு என்று பேசியிருந்தால், கட்டாத பில்லையும் அதில் சேருங்கள். ஒப்பந்தத்தில் இல்லாத "லேட் பைன்" எதையும் சேர்க்காதீர்கள். கேட்ட தொகை தவறு என்று நோட்டீசையே தாக்க அது ஒரு பிடி ஆகிவிடும். அட்வான்ஸை இந்தக் கணக்கில் கழிக்கவும் வேண்டாம், அது சாவி வாங்கும் நாளுக்கு உரியது.

வாட்ஸ்அப், ஜிபே சாட்சியங்களைக் கோர்ட்டில் காட்ட 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின் கீழ் ஒரு சான்று இணைக்க வேண்டும். வழக்கறிஞர் தயாரித்துக் கொடுப்பார். நீங்கள் செய்ய வேண்டியது, அந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருப்பது. போனை மாற்றினால் முதலில் அதை எடுத்து வையுங்கள். காகித ரசீதுகளுக்கு மலையில் வேறு எதிரி உண்டு. நவம்பர் மழையில் அப்பாவின் பீரோவில் இருந்த ரசீதுப் புத்தகத்தின் பாதி, பூஞ்சை பிடித்துப் பிரிக்கவே முடியாமல் ஒட்டிக் கிடந்தது. பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், ஸ்கேன் செய்து வையுங்கள்.

பாக்கி வசூலுக்குக் கால வரம்பு மூன்று வருடம். வாடகை கட்ட வேண்டிய நாளிலிருந்து எண்ணுங்கள்.

நேரில் ஒரு பேச்சு

டிசம்பர் கடைசியில் போய் உட்கார்ந்து பேசினேன். அதற்கு முன் வரை நான் போனில் கத்தியதுதான் அதிகம்.

"என்னண்ணே, மூணு மாசமா இப்படி இழுக்குதே?"

"தம்பி, உங்கப்பா இருந்தப்ப நான் ஒரு நாள் தவற விட்டிருக்கேனா? வேன் எஞ்சின் படுத்துக்கிச்சு. சீசன் வந்தா மொத்தமா அடைச்சர்றேன்."

மலையில் பாதிப் பேருக்கு வருமானம் இப்படித்தான். ஏப்ரல், மே சீசனில் வரும் காசில்தான் வருடம் ஓடுகிறது. தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் பச்சைத் தேயிலை விலை இறங்கினால் அந்த மாத வாடகையும் இறங்கும். இதைத் தெரிந்துகொண்டு பேசினால் பேச்சு நடக்கும். சீசன் வரை காத்திருக்க உங்களுக்கு வசதி இருந்தால் தவணை போட்டு எழுதி வாங்குங்கள். பாக்கி இவ்வளவு என்று அவர் கையெழுத்தோடு ஒப்புக்கொண்ட தாள் உங்களுக்குப் பெரிய பலம். நான் எழுதி வாங்கவில்லை. "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு மலையிறங்கினேன். ஜனவரியும் வரவில்லை.

ஒரு விஷயம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வாடகை பாக்கி என்ற பெயரில், மே மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்து ஹோம்ஸ்டேயாக விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் இங்கே உண்டு. பாக்கியை அவர் கட்டிவிட்டால் அந்தக் கணக்கு நொறுங்கும் என்பதை அடுத்த பகுதியில் பாருங்கள்.

நோட்டீஸ்

சட்டம் கேட்பது இரண்டு. இரண்டு மாத வாடகை பாக்கி இருக்க வேண்டும். அதைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, அது சேர்ந்த நாளிலிருந்து ஒரு மாதம் ஆகியும் முழுப் பாக்கியும் வந்திருக்கக் கூடாது. ஆகவே இந்த நோட்டீசின் உயிர் மூன்று இடத்தில்: சரியான தொகை, முழு ஒரு மாத அவகாசம், சேர்ந்ததற்கு அத்தாட்சி.

வழக்கறிஞர் மூலம் அனுப்புவது நல்லது. நீங்களே எழுதினாலும் செல்லும். என்னுடையது ஏறத்தாழ இப்படி:

"குன்னூர் நகராட்சி, இன்ன தெரு, கதவு எண் …, கீழ்ப் போர்ஷனில் மாத வாடகை ரூ. 7,000-க்குக் குடியிருக்கும் தங்களுக்கு அறிவிப்பது. என் தந்தை காலமான பின் நான் உரிமையாளர் என்பதைத் தங்களுக்கு ஆகஸ்ட் மாதக் கடிதத்தில் தெரிவித்திருக்கிறேன். அதன்பின் இரண்டு மாத வாடகையை என்னிடம் செலுத்தி ரசீது பெற்றிருக்கிறீர்கள். அக்டோபர் வாடகையில் மீதி ரூ. 3,000, நவம்பர், டிசம்பர், ஜனவரி மாத வாடகை தலா ரூ. 7,000, ஆக மொத்தம் ரூ. 24,000 செலுத்தப்படவில்லை. எழுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கேட்டு அனுப்பிய கடிதத்துக்கும் பதில் இல்லை. இந்த அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் மேற்படி பாக்கி முழுவதையும் செலுத்தவும். தவறினால் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி வீட்டின் சுவாதீனத்தைத் திரும்பப் பெற வாடகை நீதிமன்றத்தை அணுகுவேன்."

கீழே தேதி, கையெழுத்து. மிரட்டல், வசவு, குடும்பக் கதை எதுவும் வேண்டாம்.

அனுப்பும் வழியையும் சட்டமே சொல்கிறது. தபாலில் அனுப்பலாம், நேரில் அவரிடமோ வீட்டில் இருக்கும் குடும்பத்தாரிடமோ கொடுக்கலாம், இரண்டும் முடியாவிட்டால் வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால், கவுன்டரில் பதிவு வசதியும் ஒப்புகையும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். மலையில் ஒரு சிக்கல் உண்டு: சரிவில் அடுக்கடுக்காக இருக்கும் வீடுகளில் கதவு எண் பார்த்துத் தபால்காரர் கண்டுபிடிப்பதில்லை, ஆளைத் தெரிந்துதான் கொடுப்பார். அதனால் வரி ரசீதில் உள்ள கதவு எண்ணையும், எந்தக் கோயிலுக்குக் கீழே எந்தப் படிக்கட்டு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். சரியான முகவரிக்குக் காசு கட்டி அனுப்பிய தபாலை அவர் வாங்க மறுத்துத் திருப்பினாலும், சேர்ந்ததாகவே கோர்ட் பொதுவாக எடுத்துக்கொள்ளும். திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

அந்த ஒரு மாதம்

இந்த ஒரு மாதத்துக்குள் அவர் பாக்கி முழுவதையும் கட்டிவிட்டால், அந்தக் காரணத்துக்காகக் காலி செய்ய வைக்க முடியாது. வாடகைக்காரருக்குச் சட்டம் கொடுக்கும் வாய்ப்பு அது, நியாயமும்கூட. ஆனால் இந்தச் சலுகையை வாங்கிக்கொண்டு மறுபடியும் தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் இரண்டாம் முறை கிடைக்காது.

பாதி கட்டினால்? வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ரசீதில் "நோட்டீசில் கண்ட பாக்கியில் ஒரு பகுதி, என் உரிமைகள் பாதிக்கப்படாமல்" என்று எழுதுங்கள். எதுவும் எழுதாமல் புதிய மாத வாடகை போல வாங்கி ரசீது கொடுத்தால், நோட்டீசை நீங்களே கைவிட்டதாக எதிர்த்தரப்பு வாதாட இடம் கிடைக்கும்.

எதிர்ப்பு எந்த உருவத்திலும் வரலாம். எனக்கு வந்தது: "உங்க மேல் மாடிக்கு அப்ரூவல் இருக்கா? திங்கக்கிழமை கலெக்டர்கிட்ட மனு குடுத்துருவேன்." நீலகிரியில் கட்டட அனுமதி எவ்வளவு கெடுபிடி என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் இது இங்கே நன்றாக வேலை செய்யும் மிரட்டல். அனுமதியில் குறை இருந்தால் அதைத் தனியாகச் சரிசெய்யுங்கள். அதற்காக வாடகை பாக்கி மறைந்துவிடாது. அவருக்கு நான் பதிலே சொல்லவில்லை.

கோர்ட்டுக்கு முன்னால் ஒரு வாசல்

இதைத் தெரியாமல்தான் நிறையப் பேர் நேராக வழக்குக்குப் போகிறார்கள். தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். வழக்குப் போடுவதற்கு முன்பே, இன்னாருடன் வாடகைத் தகராறு, சமரசம் செய்து வையுங்கள் என்று ஒரு மனு கொடுக்கலாம். கட்டணம் இல்லை. அவர்கள் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பி இரண்டு பேரையும் உட்கார வைப்பார்கள். உடன்பாடு வந்து மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால், 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது. மீறினால், தீர்ப்பை நிறைவேற்றித் தரக் கேட்கும் நிறைவேற்று மனுவை நேராகப் போடலாம்.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்களுக்கும், வருமானம் பார்க்காமல் பெண்களுக்கும் இங்கே இலவச உதவி உண்டு. உங்கள் வாடகைக்காரரின் மனைவிக்கும் அது உண்டு என்பதை மனதில் வையுங்கள்.

எங்கள் விவகாரம் மார்ச் நடுவில் இங்கேதான் முடிந்தது. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று அவர் மனைவி கேட்டார். நியாயம்தானே. ஏப்ரல் 30-க்குள் காலி செய்வது என்று எழுதினோம். அதுவரை சேரும் பாக்கி 45,000. அட்வான்ஸ் 20,000 போக 25,000. ஏப்ரல் வாடகையை நான் விட்டுக்கொடுத்தேன், மீதி 18,000-ஐ மாதம் 3,000 வீதம் ஆறு தவணையில் கட்டுவது. 7,000 போனதில் எனக்கு வருத்தம் இல்லை. வழக்கறிஞர் கட்டணம், கோயம்புத்தூரிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலையேறும் செலவு, விடுப்பு எல்லாம் சேர்த்தால் அதைவிட அதிகம் ஆகியிருக்கும்.

வழக்கு என்று வந்துவிட்டால்

21-ஆம் பிரிவின் கீழ் மனு வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வாடகை அதிகாரியிடம் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு, பிறகு தவறான வாசல் என்று தெரிந்துகொண்டவர்கள் உண்டு. பதிவு, வாடகை டெபாசிட், தண்ணீர் நிறுத்தப் புகார் எல்லாம் அதிகாரியிடம், காலி செய்யும் உத்தரவு நீதிமன்றத்தில். மனுவோடு பிரமாண வாக்குமூலம், உரிமை ஆவணம் அல்லது வாரிசு ஆவணங்கள், வரி ரசீது, வாடகைக் கணக்குத் தாள், நோட்டீஸ் நகல், தபால் அத்தாட்சி, ஒப்பந்தம் இருந்தால் அதுவும் வேண்டும். வழக்கு நடக்கும் காலத்து வாடகையைத் தொடர்ந்து கட்டச் சொல்லும்படி ஒரு இடைக்கால மனுவும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

90 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடைமுறையில் அதைவிட நீளும் என்று வைத்துக்கொண்டு உங்கள் பணத்தைத் திட்டமிடுங்கள். வீட்டுக் கடன் தவணையை அந்த வாடகையை நம்பிப் போட்டிருந்தால் இன்றே மாற்று வழி பாருங்கள். உத்தரவு வந்தபின் மேல்முறையீட்டுக்கு 30 நாள். வாடகை உறவு முடிந்த பிறகும் காலி செய்யாமல் இருக்கும் காலத்துக்கு இரட்டிப்பு வாடகை கேட்க 23-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. உத்தரவை மதிக்காவிட்டால் நிறைவேற்று மனு, கடைசியில் கோர்ட் அமீனா வந்து சுவாதீனம் எடுத்துக் கொடுப்பார். பூட்டை உடைப்பது அவர் முன்னிலையில்தான், நீங்களாக அல்ல.

சாவி வாங்கும் நாள்

அன்று காலையில் போய்விடுங்கள், வெளிச்சம் இருக்கும்போது. மலையில் மூன்று மணிக்கு மேல் பனி இறங்கினால் சுவரில் எது பழைய ஈரக் கறை, எது புது உடைசல் என்று தெரியாது. ஒவ்வொரு அறையையும் அவரும் கூட நிற்க வீடியோ எடுங்கள். மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து, அந்தத் தேதி வரைக்கான தொகையை அங்கேயே வாங்குங்கள். ஈரத்தில் உதிர்ந்த சுண்ணாம்பையும், பல வருடம் புழங்கித் தேய்ந்த தரையையும் சேதக் கணக்கில் எழுதாதீர்கள், அது வீட்டின் வயசு.

அட்வான்ஸில் மீதி இருந்தால் வீடு கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். "வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தேன், என் பொருள் எதுவும் உள்ளே இல்லை" என்று இரண்டு வரி எழுதி அவர் கையெழுத்தும் ஒரு சாட்சி கையெழுத்தும் வாங்குங்கள். பூட்டை அதற்குப் பிறகு மாற்றுங்கள். அவர் விட்டுப்போன பொருள் இருந்தால் பட்டியல் போட்டுப் படம் எடுத்து, எடுத்துச் செல்லும்படி எழுத்தில் கேளுங்கள். தூக்கி எறிய வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு பழைய தையல் மிஷின் மிஞ்சியது, இரண்டு வாரம் கழித்து அவர் மனைவி வந்து எடுத்துப்போனார்.

அடுத்து வந்த குடும்பத்தோடு முதல் நாளே ஒப்பந்தம் எழுதினேன், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகாமல். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் பதிவும் செய்தாயிற்று. வேன் அண்ணனின் நாலாவது தவணை போன வாரம் வந்தது, ரசீதை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.